ருசி பார்த்த படையல்

1

சாமிக்காக ஆடுகிற ஆட்டத்தை மனிதன் குறை சொல்லலாமா? பக்தியைப் பற்றிய கேள்வி போல இது தோன்றினாலும், அடிப்படையில் கலையைப் பற்றியதுதான் என்பது என் எண்ணம். கொஞ்சம் அழுத்திப் பார்த்தால் நம் ஊர்களைப் பற்றியதும் ஆகிவிடுகிறது.

சிதம்பரத்தில் சிவராத்திரியை ஒட்டிச் சில நாட்கள் நாட்டியாஞ்சலி நடக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் ஏற்பட்ட விழா. பரதம், கதக், ஒடிசி, குச்சிப்புடி, மோகினியாட்டம், மணிப்புரி எல்லாம் வரும். சென்னை, பெங்களூர், பம்பாய், கல்கத்தா என்று தொடங்கி, கடல் கடந்த நாடுகளிலிருந்தும் ஆடுபவர்கள் வருகிறார்கள். பெரும்பாலும் சன்மானத்தை எதிர்பார்த்து வருவதில்லை. ஒரு குழுவுக்குக் கிடைப்பது சில பத்து நிமிஷங்கள். பார்ப்பவர்களுக்குக் கட்டணம் கிடையாது. 2014-இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பு கோவில் நிர்வாகத்தைப் பொது தீட்சிதர்களிடமே விட்ட பிறகு விழாவும் இரண்டாயிற்று. ஆரம்பத்திலிருந்து நடத்தி வந்த அறக்கட்டளை கோவிலுக்கு வெளியே மேடை போட்டது. உள்ளே தீட்சிதர்கள் தனியாக நடத்தலானார்கள். இரண்டு இடத்திலும் 'அஞ்சலி' என்ற சொல் மட்டும் அப்படியே நிற்கிறது. தஞ்சாவூர், கும்பகோணம் என்று வேறு ஊர்களிலும் இதே நாட்களில் நாட்டியாஞ்சலிகள் உண்டு. இன்று இங்கே ஆடியவர் நாளை அங்கே ஆடுவார். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக, விருந்தாளிக் கலைஞர்களின் ஒரு குறுகிய பருவம் அது.

கடலூரிலிருந்து பஸ் ஏறிப் போய், பார்த்துவிட்டு, பின்னிரவில் திரும்பும் வழக்கம் எனக்குப் பல வருஷங்களாக உண்டு. ஒரு வருஷம், பெயர் பெற்ற ஒருவர் ஆடினார். அரைமண்டி நிற்கவே இல்லை. மூன்றாம் காலத்தில் தீர்மானம் எடுப்புக்கு வந்து சேரவில்லை. நட்டுவாங்கத் தட்டு ஒருபுறமும் கால் ஒருபுறமுமாகப் போய், கடைசியில் ஒரு பெரிய புன்னகையிலும் கும்பிடலிலும் எல்லாம் முடிந்தது. கைதட்டல். பக்கத்தில் உட்கார்ந்திருந்த உள்ளூர்ப் பெரியவரிடம், "தாளம் விட்டுப்போச்சுங்களே ஐயா" என்றேன்.

"சாமிக்கு ஆடுறாங்க தம்பி. அது ஏத்துக்கிட்டுப் போவுது. நமக்கு என்னா கணக்கு?" என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க என்னா, டிக்கெட்டா வாங்கினீங்க?" என்றார்.

பெரியவரின் இரண்டு வாக்கியங்களும் இரண்டு தனித்தனி வாதங்கள். முதலாவது: அஞ்சலி என்பது கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையிலுள்ள விஷயம்; மூன்றாம் ஆளுக்கு அதில் இடமில்லை. இரண்டாவது: விலை கொடுக்காதவனுக்கு மதிப்பிடும் உரிமை இல்லை. இரண்டும் அசட்டு வாதங்கள் இல்லை. நம்மில் பெரும்பாலோர் இந்த இரண்டில் ஏதோ ஒன்றை நம்பிக்கொண்டுதான் இருக்கிறோம். சபாக்களில் டிக்கெட் வாங்கினவர் இரண்டாவதின் மறுபக்கத்தை நம்புகிறார்: காசு கொடுத்தேன், ஆகவே சொல்வேன். அப்படியானால் மதிப்பீடு என்பது வெறும் வாடிக்கையாளனின் முணுமுணுப்பு ஆகிவிடுகிறது. காசு கொடுத்தவனுக்குத் திருப்தி கேட்கும் உரிமை இருக்கலாம். திருப்தி வேறு, மதிப்பீடு வேறு. கவிதைப் புத்தகத்தை இனாமாக வாங்கிப் படித்தவனும் அது கவிதையா என்று கேட்கிறான், கேட்க வேண்டும்.

முதல் வாதம்தான் கடினமானது. அதற்குள் போவதற்கு முன்னால் விருந்தாளிக் கலைஞன் என்கிற இந்தப் பிறவி எப்போது தோன்றினான் என்று பார்க்க வேண்டும்.

2

ஊர் ஊராகப் போய்த் தனியாளாக மேடையேறி, வித்தையைக் காட்டி, அடுத்த ஊருக்குப் போய்விடுகிற கலைஞன் ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவானவன். வயலினில் பாகனீனி, பியானோவில் லிஸ்ட். 1840-இல் லண்டனில் லிஸ்ட் வாசித்தபோதுதான் 'ரிசைட்டல்' என்ற சொல் இசைக் கச்சேரிக்கு முதலில் பயன்பட்டது. சொல் புதிதாக இருந்ததற்குக் காரணம் விஷயமும் புதிதாக இருந்தது. அதற்கு முன்பு இசைக்கலைஞன் ஏதோ ஓர் அரசவையிலோ மாதாகோவிலிலோ இருந்தான். அவன் வாசிப்பை நேற்றும் கேட்டவர்கள்தான் இன்றும் கேட்டார்கள். நாளைக்கும் அவர்களே கேட்பார்கள் என்ற நினைப்பு அவன் விரல்களில் இருந்தது. பயணக் கலைஞனுக்கு நாளை இல்லை. இன்று இரவு மட்டுமே உண்டு. இன்று இரவே வென்றாக வேண்டும்.

இந்த மரபில் இருபதாம் நூற்றாண்டின் பெரிய பெயர் ஆந்த்ரே செகோவியா. 1893-இல் பிறந்து 1987-இல் இறந்தவர். 1909-இல் பதினாறு வயதில் கிரனாடாவில் முதல் கச்சேரி. அன்றைய ஸ்பெயினில் கிதார் என்றால் சாராயக்கடைகளின், ஜிப்ஸிப் பாட்டுக்காரர்களின் வாத்தியம். அதை அங்கிருந்து எடுத்து உலகத்தின் பெரிய கச்சேரி மண்டபங்களில் உட்கார வைப்பதே தன் வாழ்வின் வேலை என்று செகோவியா சொல்லிவந்தார். சாதித்தும் காட்டினார். 1935-இல் பாரிஸில், பாக் வயலினுக்காக எழுதிய சக்கோன் என்ற பெரிய உருப்படியைக் கிதாருக்கு மாற்றி வாசித்தார். அதற்குப் பிறகு கிதாரை அற்ப வாத்தியம் என்று யாரும் சொல்ல முடியவில்லை. இன்னொன்றும் செய்தார். எவ்வளவு பெரிய மண்டபமானாலும் ஒலிபெருக்கி வைத்துக்கொள்ள மறுத்தார். கிதாரின் நாதம் சின்னது. ஆயிரக்கணக்கானவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு அந்தச் சின்ன நாதத்தை நோக்கிக் காதைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஊர் விட்டு ஊர் பறந்த விருந்தாளிதான் என்றாலும், கேட்பவர்களை அவர் சும்மா உட்கார விடவில்லை.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் நம்மிடமே இருந்தது. வீணை தனம்மாள் (1867–1938). சென்னை ஜார்ஜ் டவுனில் தம் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிப்பார். அந்த நாதமும் சின்னதுதான். கேட்க வேண்டியவர்கள் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். வந்து உட்கார்ந்தவர்கள் பலர் தாமே வித்வான்கள். ரிசைட்டலில் கலைஞன் பயணம் செய்கிறான், கேட்பவன் இருந்த இடத்தில் இருக்கிறான். தனம்மாள் வீட்டில் கேட்பவன் பயணம் செய்தான். அடுத்த வெள்ளிக்கிழமையும் அதே கூடத்தில் அதே காதுகள் இருக்கும் என்பது அவருக்கும் தெரியும், வந்தவர்களுக்கும் தெரியும். இதைப் பழமை என்று தள்ளிவிடலாம். பழமையோ இல்லையோ, ஒரு கலை தனக்குப் பொறுப்புச் சொல்ல வேண்டிய இடம் எது என்பதற்கு அங்கே ஒரு பதில் இருந்தது. பொறுப்பு என்ற சொல்லை அதிகாரிகள் அர்த்தத்தில் சொல்லவில்லை. ஒரு கமகம் நழுவினால், அது நழுவிற்று என்பதைத் தெரிந்துகொண்ட இன்னொரு மனம் அறையில் இருப்பது, அவ்வளவுதான்.

இந்த இன்னொரு மனம் சிதம்பரத்தில் எங்கே?

3

சிதம்பரம் கோபுர வாசல்களில் நுழைகிறவர்கள் இரண்டு பக்கச் சுவர்களையும் பார்த்திருப்பார்கள். நாட்டிய சாஸ்திரம் சொல்லும் 108 கரணங்கள் சிறு சிறு சிற்பங்களாக வரிசையாக இருக்கின்றன. கிழக்கு, மேற்குக் கோபுரங்களில் அந்தந்தக் கரணத்துக்குரிய சுலோகமும் மேலே வெட்டியிருக்கிறது. தஞ்சைப் பெரிய கோவிலின் மேல்தளத்திலும் கரணங்கள் உண்டு. 81 மட்டும் செதுக்கி, மீதிக்கான கற்கள் வெறுமையாக விடப்பட்டிருக்கின்றன. அங்கே ஆடுவது சிவன். சிதம்பரத்தில் ஆடுவது பெண்கள்.

சிற்பிக்கு முன்னால் ஆடிக் காட்டியது யார் என்பது கல்லில் இல்லை. ஆனால் ஆடிய பெண்களுக்குப் பெயர் இருந்தது என்பதற்குத் தஞ்சைக் கல்வெட்டே சாட்சி. 1014-ஐ ஒட்டிய காலத்தில் ராஜராஜன் சோழ நாட்டின் பல கோவில்களிலிருந்து 400 பெண்களைத் தஞ்சைக்குக் கொண்டுவந்து தளிச்சேரித் தெருக்களில் குடிவைத்தான். எந்தக் கோவிலிலிருந்து வந்தவள், என்ன பெயர், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, என்ன பங்கு நெல் என்று ஒவ்வொருத்திக்கும் கல்லில் வெட்டியிருக்கிறது. எனக்கு இந்தக் கல்வெட்டில் முக்கியமாகப் படுவது வீட்டு எண்தான். வந்தவர்கள் எல்லோரும் வெளியூர்க்காரர்கள். அரசன் அவர்களை ஆட வைத்துத் திருப்பியனுப்பவில்லை, வீடு கொடுத்தான். விருந்தாளி குடியானவள் ஆனாள். அவள் விருப்பம் கேட்கப்பட்டதா என்பது வேறு விஷயம்; கேட்கப்பட்டிருக்காது. ஆனால் கலைக்கு ஒரு தெரு வேண்டும், அந்தத் தெருவில் ஒரு பெண் ஆடும்போது பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்ற விவகார ஞானம் அதில் இருக்கிறது.

அந்தத் தெருக்கள் பிற்காலத்தில் என்னவாயின என்பது நமக்குத் தெரியும். ஆடுகிறவளின் உடலும் அவள் கலையும் ஒரே பட்டுவாடாவில் சேர்ந்துபோயின. முத்துலட்சுமி ரெட்டி போராடினார். அந்தக் குலத்திலிருந்தே மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் எழுந்து வந்து போராடினார். 1936-இல் அதை நாவலாகவும் எழுதினார். 1947-இல் பொட்டுக்கட்டுவதைத் தடை செய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது. அது நியாயமான சட்டம். கலை போய்விடுமே என்பதற்காக ஒரு சிறுமியின் கழுத்தில் பொட்டுத்தாலி ஏறலாம் என்று சொல்லக்கூடிய கலாரசிகனை மனிதனாக மதிக்க வேண்டியதில்லை.

ஆனால் அதே பத்துப் பதினைந்து வருஷங்களில் இன்னொன்றும் நடந்தது. 1935 டிசம்பரில் அடையாறு பிரம்மஞான சபையில் ருக்மிணி தேவி முதல் முறையாக மேடையேறி ஆடினார். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்றது. செகோவியா பாரிஸில் சக்கோன் வாசித்த அதே வருஷம். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்றாலும், இரண்டு இடத்திலும் ஒரே சொல் பேசப்பட்டது: மீட்பு. கீழான இடத்திலிருந்து மேலான இடத்துக்கு. மீட்கப்பட்டது வாத்தியம், அடவு, உருப்படி. அதை அதுவரை வைத்திருந்தவர்கள் மீட்கப்படவில்லை. அவர்கள் 'கீழான இடம்' என்ற சொல்லுக்குள்ளேயே விடப்பட்டார்கள்.

1922-இல் கிரனாடாவில் மனுவேல் தெ ஃபாயா என்ற இசையமைப்பாளரும் கவி லோர்காவும் சேர்ந்து அல்ஹம்ப்ராவில் ஒரு பாட்டுப் போட்டி நடத்தினார்கள். செகோவியாவுக்கும் அதில் பங்கு உண்டு. அழிந்துகொண்டிருந்த ஆழ்பாட்டை, 'காந்தே ஹோந்தோ'வை, காப்பாற்றுவது நோக்கம். விதிகளில் ஒன்று: தொழில்முறைப் பாடகர்கள் போட்டியிடக் கூடாது. அந்தப் பாட்டைப் பாடியே வயிறு வளர்த்தவர்கள் அதைக் கெடுத்துவிட்டார்கள் என்பது கலாரசிகர்களின் முடிவு. பரிசு பெற்றவர்களில் ஒருவர் எழுபதைத் தாண்டிய கிழவர், இன்னொருவர் ஒரு சிறுவன். நடுவயதில் இருந்த முழுத் தலைமுறையும் வாசலுக்கு வெளியே. நல்ல எண்ணத்தோடு செய்யப்பட்டது என்பதில் சந்தேகமில்லை. நல்ல எண்ணம் சமயத்தில் இப்படித்தான் வேலை செய்யும்: பாட்டைக் காப்பாற்றுவதற்காகப் பாட்டுக்காரனை வெளியே நிறுத்தும்.

நம்முடைய விஷயத்தில் பாலசரஸ்வதி (1918–1984) வெளியே நிற்க மறுத்தவர். தனம்மாளின் பேத்தி. 1975-இல் தமிழ் இசைச் சங்கத்தில் தலைமையுரை ஆற்றியபோது, பரதக் கச்சேரியின் வரிசையை ஒரு பெரிய கோவிலுக்குள் நடந்து போவதோடு ஒப்பிட்டார். அலாரிப்பு கோபுர வாசல். அங்கிருந்து மண்டபங்கள் வழியாக உள்ளே போய், பதத்தில் கர்ப்பக்கிருகத்தின் அமைதி. கோவிலிலிருந்து வெளியேற்றப்பட்ட மரபைச் சேர்ந்தவர் கோவிலை ஆட்டத்துக்குள் எடுத்து வைத்துக்கொண்டார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. இன்றைய நாட்டியாஞ்சலியில் மேடை கோவிலில் இருக்கிறது, அல்லது கோவிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் சில பத்து நிமிஷங்களில் அவர் சொன்ன நடையை நடக்க முடியாது. கோபுர வாசலிலேயே கும்பிட்டுவிட்டுத் திரும்புவதற்குத்தான் நேரம் இருக்கிறது.

ஆக, பெரியவருக்கு நான் சொல்லியிருக்கக்கூடிய பதிலின் முதல் பகுதி இது. தாளம் விட்டதை அறிந்த மனம் இந்த ஊர்களில் இருந்தது. நட்டுவனார் வீடுகளில், ஆடிய பெண்களின் வீடுகளில், நாயனக்காரர் வீடுகளில் இருந்தது. அவர்களைக் கலைத்துவிட்டோம். கலைத்தபின், 'நமக்கு என்ன கணக்கு' என்கிறோம். கணக்குத் தெரிந்தவர்களை அனுப்பிவிட்டதால் ஏற்பட்ட நிலையை பக்தி என்று பெயர் வைத்துக் கொண்டாடுவது சரியாகாது.

4

விருந்தாளி என்றால் வீட்டுக்காரர் ஒருவர் இருந்தாக வேண்டும். சிதம்பரத்தில் வீட்டுக்காரர் யார்? நடராஜர் என்பது உடனே வரும் பதில். அந்தப் பதிலின் சௌகரியம், வேறு யாரும் வீட்டுக்காரரின் கடமைகளை ஏற்க வேண்டியதில்லை என்பது.

இதே கோவிலில் நடந்த இன்னொன்றை இங்கே நினைக்க வேண்டியிருக்கிறது. சிவனடியார் ஆறுமுகசாமி, இதே மாவட்டத்துக்காரர், சிற்றம்பல மேடையில் நின்று தேவாரம் பாட வேண்டும் என்று பல வருஷங்கள் கேட்டார். 2008 மார்ச்சில் அரசாணையின் பேரில், போலீஸ் காவலோடு பாடினார். நாட்டிய மேடை வேறு, சிற்றம்பல மேடை வேறு, விதிகள் வேறு என்று சொல்வார்கள். உண்மைதான், இரண்டையும் ஒன்றாக்கவில்லை. நான் கவனிப்பது வரவேற்பின் சுருதியை. தூரத்திலிருந்து வருபவருக்கு அஞ்சலி என்ற சொல் கிடைக்கிறது. பக்கத்து ஊர்க்காரர் வந்தால் உரிமை, தகுதி, வழக்கு என்ற சொற்கள் கிடைக்கின்றன. விருந்தாளியை மதிப்பிடுவதே இல்லை. அண்டை வீட்டுக்காரனை மதிப்பிடுவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. மதிப்பீடு வேண்டாம் என்ற கொள்கை எங்கேயும் உண்மையாகக் கடைப்பிடிக்கப்படுவதில்லை. ஒருவரிடம் அடக்கிக்கொண்டது இன்னொருவர் தலையில் விழுகிறது.

கடவுளே விருந்தாளியாகி, ஆடிக் காட்டி, மதிப்பிடப்பட்ட ஒரு சம்பவம் தமிழில் இருக்கிறது. எழுதியவர் கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் 1906-இல் பிறந்தவர். புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில், பூலோகம் வந்த கடவுள் பிழைப்புக்காகக் கூத்தாடி வேஷத்தில் கலையைப் பேணும் ஒரு திவான் பகதூர் முன்னால் ஆடுகிறார். திவான் பகதூருக்கு அது கலையாகவே படவில்லை. கடவுள் கந்தசாமிப் பிள்ளையின் பத்திரிகைக்கு ஜீவிய சந்தா கட்டியவர் என்பது நம் போன்ற பத்திரிகைகளுக்குத் தனி ஆறுதல். அது இருக்கட்டும். நாட்டியாஞ்சலியில் மனிதன் ஆடக் கடவுள் பார்க்கிறார், குறை சொல்வதில்லை. கதையில் கடவுள் ஆட மனிதன் பார்க்கிறான், குறை மட்டுமே சொல்கிறான். இந்த இரண்டாவது ஆபத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மதிப்பீடு வேண்டும் என்று பேசுகிறவன் திவான் பகதூராகிவிடுவது மிகச் சுலபம். அரைமண்டி, தாளம், எடுப்பு என்று அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, எதிரே ஆடுவது யார் என்று பார்க்கத் தெரியாமல் போகலாம். விமர்சனப் பக்கங்களில் திவான் பகதூர்களுக்குப் பஞ்சமில்லை. இலக்கிய விமர்சனத்திலும் இல்லை.

அப்படியானால் எதை வைத்துத் திவான் பகதூரிடமிருந்து தப்புவது?

5

முதல் வாதத்துக்கு இப்போது திரும்பலாம். அஞ்சலி கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையிலானது. நைவேத்தியத்தை யாரும் முன்பே ருசி பார்க்கக் கூடாது. முகர்ந்த பூவைச் சாமிக்குச் சாத்தக் கூடாது. இது பழைய விதி. இந்த விதியிலிருந்துதான் 'குறை சொல்லாதே' என்பது வருகிறது. ஆனால் விதியின் மறுபாதியை மறந்துவிடுகிறோம். வாடின பூவை மாலையில் சேர்க்கக் கூடாது என்பதும் அதே விதிதான். மடைப்பள்ளிக்காரர் ருசி பார்க்காமல் சமைக்கிறார் என்றால், உப்பு ஏறினாலும் பரவாயில்லை என்று அர்த்தமாகாது. அவர் கைக்கு அளவு தெரியும். தகப்பன் கையைப் பார்த்து, அவர் தகப்பன் கையைப் பார்த்து வந்த அளவு. ருசி பார்க்காமல் படைப்பதற்கு அப்படி ஒரு கை வேண்டும். அந்தக் கை இல்லாத இடத்தில் ருசி பார்க்காமல் படைப்பது பக்தி ஆகாது, அசிரத்தை.

கை இல்லாதபோது என்ன செய்வது என்பதற்கும் நம் மரபு பதில் வைத்திருக்கிறது. சேக்கிழார் பெரியபுராணத்தைச் சிதம்பரம் கோவில் ஆயிரக்கால் மண்டபத்தில் அரங்கேற்றினார் என்பது வழிவழிச் செய்தி. அதில் வரும் திண்ணனுக்கு ஆகமம் தெரியாது. மடைப்பள்ளிக் கை கிடையாது. பன்றி இறைச்சியைத் தீயில் வாட்டி, ஒவ்வொரு துண்டையும் பல்லால் கடித்துப் பார்த்து, நன்றாக இருந்ததை மட்டும் தேர்ந்து காளத்தியாருக்கு வைத்தான். மறுநாள் வந்த சிவகோசரியார் எச்சில் என்று பதறினார். காளத்தியார் அந்த எச்சிலை ஏற்றார் என்பதைப் பக்தியின் பெருமையாக மட்டும் படித்து வந்திருக்கிறோம். எனக்கு அது ரசனையின் பெருமையாகவும் படுகிறது. மோசமான துண்டைத் தள்ளுவதற்குத் திண்ணன் கூசவில்லை. சாமிக்குத்தானே, அது ஏற்றுக்கொள்ளும் என்று நினைக்கவில்லை. சாமிக்கு என்பதாலேயே கடித்துப் பார்த்தான். தேர்வும் அன்பும் அவனிடம் ஒரே செயலாக இருந்தன.

திவான் பகதூருக்கும் திண்ணனுக்கும் உள்ள வித்தியாசம் இங்கே தெரிகிறது. இருவரும் தள்ளுகிறார்கள். திவான் பகதூர் எதையும் தன் வாயில் போட்டுப் பார்க்கவில்லை. முன்பே தெரிந்த ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தவில்லை என்றார். அவருக்கு எந்த நஷ்டமும் இல்லை. திண்ணன் தன் நாக்கைக் கொடுத்தான். பிறகு கண்ணையும் கொடுத்தான். மதிப்பிடும் உரிமை டிக்கெட்டில் இல்லை, பிறப்பில் இல்லை, பட்டத்தில் இல்லை. தன் புலனை எதிரே உள்ளதற்கு முழுக்கக் கொடுத்தவனுக்கு அது உண்டு. முழுக்கக் கொடுப்பது என்றால், நன்றாக இருக்கும்போது ஆட்டம் கண்டு விடுவதற்கும் தயாராக இருப்பது. அதற்குத் தயாரில்லாதவன் குறையை மட்டும் கண்டுபிடித்துக்கொண்டிருப்பான்.

ஆடுகிறவரின் பக்தியை இதில் யாரும் தொடவில்லை. அது எவ்வளவு என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டியதுமில்லை. ஆனால் கால் பலகையில் விழுந்த சத்தம் என் காதிலும் விழுந்தது. மனத்துக்குள் இருந்தது அவருடையது. வெளியே வந்தது பொது. அதைக் கடித்துப் பார்ப்பதால் படையல் கெடாது. கடித்துப் பார்க்க ஓர் ஆள் இருக்கிறான் என்பது தெரிந்தால், பறந்து வரும் கலைஞருக்கும் இது வெறும் இன்றிரவாக இல்லாமல் போகலாம். அவர்களில் உண்மையானவர்கள் இதற்காக ஏங்குகிறார்கள் என்றே நினைக்கிறேன். கைதட்டல் எந்த ஊரிலும் கிடைக்கும்.

சிதம்பரத்துக்கு விருந்தாளியைக் குடியேற்றும் பழக்கம் பிற்காலத்திலும் இல்லாமல் போகவில்லை. அண்ணாமலை நகரில் பல்கலைக்கழகம் ஏற்பட்டது 1929-இல். அங்கே இசை கற்பிக்க டைகர் வரதாச்சாரியார் வந்திருந்தார். பின்னாளில் தண்டபாணி தேசிகர் இருந்தார். இப்படிப்பட்டவர்கள் ஊரில் வீடு எடுத்துத் தங்கி, மார்க்கெட்டுக்குப் போய், மாணவர்களைத் திட்டி வாழ்ந்தபோது, ஊரின் காது அவர்களோடு கொஞ்சம் வளர்ந்திருக்கும். நாட்டியாஞ்சலிக்கு வருபவர்களில் ஒருவரை, ஒரே ஒருவரை, ஒரு மாதம் தங்க வைக்கலாம். கோபுரக் கரணங்களுக்குக் கீழே நின்று உள்ளூர்ப் பெண்பிள்ளைகளோடு பேசச் சொல்லலாம். ஒரு முழுக் கச்சேரியை, கோபுர வாசலிலிருந்து கர்ப்பக்கிருகம் வரை, அவசரமில்லாமல் ஆடச் சொல்லலாம். நூறு பேர் சில பத்து நிமிஷங்கள் ஆடுவதைவிட அது குறைந்த அஞ்சலி ஆகிவிடாது.

நம் எழுத்தாளர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. தமிழ் எழுத்தாளன் மற்ற கலைகளின் பக்கம் திரும்புவதில்லை என்று வெங்கட் சாமிநாதன் பல வருஷங்கள் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். ஒரு கவிதையின் ஒரு வரிக்காக ஆறு பக்கம் சண்டை போடுகிற நாம், கண்ணெதிரே நடக்கும் ஒரு பதத்தைப் பற்றி ஆறு வரி எழுதியதில்லை. தினசரிகளில் ஆடியவர்களின் பெயர்ப் பட்டியல் வருகிறது. யார் குத்துவிளக்கு ஏற்றினார் என்பது வருகிறது. 2007-இல் சுப்புடு மறைந்த பிறகு, ஒரு நாட்டியத்தைப் பற்றிக் கோபப்படக்கூடிய தமிழ்க் குரல் எது என்று யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அவர் கோபத்தில் திவான் பகதூர் எட்டிப்பார்த்த நாட்கள் உண்டு. ஆனால் அவர் வந்து உட்கார்ந்து பார்த்தார்.

அடுத்த சிவராத்திரிக்கு இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களில் நாலு பேர் கடலூரிலிருந்தோ, விருத்தாசலத்திலிருந்தோ, சீர்காழியிலிருந்தோ சிதம்பரம் போகலாம். நாலு பேரும் தனித்தனியாக, தாங்கள் பார்த்த ஒரே ஒரு உருப்படியைப் பற்றி எழுதி அனுப்பட்டும். அபிப்பிராயம் வேண்டாம், கால் என்ன செய்தது, கண் என்ன செய்தது, எந்த இடத்தில் தன் மூச்சு நின்றது, எந்த இடத்தில் கவனம் வழுக்கி வெளியே போயிற்று என்று எழுதட்டும். நாலும் ஒன்றுக்கொன்று முரண்படும். பெரியவர் கேட்ட கணக்கை அங்கிருந்து போடத் தொடங்கலாம்.